மூன்று மொழிகளில் ஓர் அறிவித்தல்

லிப்ட் உள்ள கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று தெரியாது. எனக்குத் தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் எங்கள் தொடர்மாடியில், நிலத்திலிருந்து ஆறாம் மாடி வரை நூற்றெட்டுப் படிகள். மாடிக்குப் பதினெட்டு. கட்டியவர் படியில் சரியானவர். பூச்சு வேலையில்தான் கள்ளம் செய்திருந்தார். நான் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறேன். அறுபத்தெட்டு வயதிலும் காலையும் மாலையும் படியால்தான் ஏறி இறங்குவேன். உடம்புக்கு நல்லது.

கனம் நீதவான் அவர்களே, என் பெயர் சிவபாதசுந்தரம். முப்பத்தொரு வருடம் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். பொலிஸிடம் நான் சொன்னது வழக்கில் ஏறாது, புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் நீதவான் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். நல்ல சட்டம். ஆகவே இதை என் கையால் எழுதித் தருகிறேன். எவரும் என்னை அடிக்கவில்லை, வெருட்டவில்லை, ஆசை காட்டவுமில்லை. ஏழு வருடமாக எங்கள் கட்டட முகாமைத்துவக் குழுவின் செயலாளராக, எதை எழுதினாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் எழுதிப் பழகியவன் நான். இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் செல்வி நதீஷா இதை உங்களுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டும்போது எந்த இடத்திலும் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அறிவித்தல்களைப் பற்றிக் கட்டடத்தில் பகிடி விடாதவர்கள் இல்லை. தண்ணீர்த் தாங்கி கழுவும் நாள், குப்பை வண்டி வரும் நேரம், வாகனம் நிறுத்தும் இடம், எதுவானாலும் மூன்று நாளுக்கு முன்பே மாடிக்கு மாடி ஒட்டிவிடுவேன். மூன்று மொழியும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, மூன்று கட்டங்களில் இருக்கும். "செக்ரட்டரி ஐயா, ஒங்கட நோட்டீஸ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள டேங்க் தண்ணி காஞ்சி போயிரும்" என்பார் குழுத் தலைவர் ஸவாஹிர். இரண்டாம் மாடிக்காரர், துணி வியாபாரி. சிரித்துக்கொண்டே கையெழுத்தும் வைத்துவிடுவார். நான் கோபிப்பதில்லை. ஒருவனுக்குச் சொல்ல வேண்டியதை அவனுடைய மொழியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிறகு அவன் வந்து முறையிட முடியாது என்பது என் நம்பிக்கை.

மேஜர் ஹீன்கெந்த ஆறாம் மாடிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். கடற்காற்று வேண்டும் என்று எங்கள் பக்கம் வீடு எடுத்தார். கிழக்கில் முகாமில் இருந்த காலத்தில் தமிழ் பழகினாராம். தட்டுத் தடுமாறிக் கதைப்பார். என்னை, சிங்களத்தில் அண்ணா என்பதுபோல, 'அய்யே' என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர் என்றே நானும் நினைத்திருந்தேன். ஒரேயொரு குறை, என் அறிவித்தல் எதையும் அவர் மதிக்கமாட்டார். நிறுத்தக் கூடாத இடத்தில்தான் வாகனத்தை நிறுத்துவார். தாங்கி கழுவும் நாளில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று எனக்கே தொலைபேசி எடுப்பார். கேட்டால், "நோட்டீஸ் எல்லாம் மத்த ஆக்களுக்கு, அய்யே" என்று என் தோளில் தட்டுவார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவருக்குச் சமைத்துப் போட்டு, வீட்டைத் துப்புரவாக்கி, அங்கேயே தங்கியிருந்தவள் ஆறாயி. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எழுத வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று பின்னால் வரக்கூடாது. தோட்டத்தில் வீடு கட்ட அவளுக்கு ஒரு காணித் துண்டு தருவதாக இருந்தது. அது பற்றி அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் போதெல்லாம் என்னிடம் கொண்டு வருவாள். வாசித்துச் சொல்வேன், பதிலும் எழுதிக் கொடுப்பேன். அவளுடைய பிரஷர் மாத்திரைப் பைகளில், காலையில் போடுவதற்குச் சூரியனும் இரவில் போடுவதற்குச் சந்திரனும் கீறிக் கொடுத்ததும் நான்தான். என் சந்திரனைப் பார்த்துவிட்டு, "வாழைப்பழமாட்டம் இருக்குங்கையா" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் கட்டடத்தில் இன்னுமொரு ஒழுங்கு உண்டு. வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிப்டில் ஏறக் கூடாது, படியால்தான் போக வேண்டும். நாலு வருடத்துக்கு முன் கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டக் குறிப்பில் எழுதியவனும் நானே. அதற்கு மட்டும் அறிவித்தல் ஒட்டவில்லை. சுவரில் பார்க்க வடிவாக இராது என்று, வாயால் சொல்லிவிட்டோம்.

கடந்த ஆவணியில் ஒரு மாலை. கீழ்த்தளத்தில் காவலாளியின் அறைக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. மேஜர் கடற்கரை நடை முடிந்து வந்து அதற்கு முன்னால் இருப்பார்; நானும் இருப்பேன். ஆறாயி இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டு வருவாள். அன்று செய்தியில் வெளிநாட்டு யுத்தம் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நகரத்தில் குடிமனைகள் மேல் குண்டு போட்டிருந்தார்கள். முதல் நாள் எதிரி அடித்ததற்குப் பதிலடி என்று ஒரு தளபதி விளக்கம் சொன்னார். பொதுமக்களை விலகிப் போகும்படி முன்கூட்டியே அறிவித்திருந்தோம் என்றும் சொன்னார். பின்னால் ஒரு பெண் இடிபாட்டின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"பாவம்தான்" என்றார் மேஜர். "ஆனா அய்யே, நோட்டீஸ் குடுத்தது தானே. ஆமி இதுக்கு மேல என்ன செய்ய?"

இப்படியான பேச்சுக்கு நான் வாய் கொடுப்பதில்லை. கொழும்பில் குடியிருக்கும் தமிழனுக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். அன்று என்னவோ கேட்டுவிட்டேன். "நீங்களும் குடுத்தனீங்களோ, மேஜர்?"

"மூணு தரம்" என்றார். "பிளேன்ல பேப்பர் போட்டது. தமிழ்லதான் போட்டது." பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். ஊர் வேம்படிக்கண்டல். நீலத் தண்ணீர்த் தாங்கி உள்ள ஒரு பாடசாலை. "முதல் நாள் அவங்க அந்த ஸ்கூல் மதிலுக்குப் பின்னால இருந்து அடிச்சி, என்ட பொடியன்மார் பதினொரு பேர் செத்தது. ஒருத்தனுக்கு அவுருது, சித்திரை வருசம், முடிய கல்யாணம். நான் சும்மா இருக்க ஏலுமா? அடுத்த நாள் மேலயிருந்து எடுத்த படம் வந்தது. கிணத்துப் பக்கம் ரெண்டு பேர். ஒரு ஆள் படுத்திருக்கு. மத்த ஆள் குடை பிடிச்சிட்டு இருக்கு. நான் கொஞ்ச நேரம் பாத்தது, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம். பிறகு ஓடர் குடுத்தது." கோப்பையைக் கீழே வைத்தார். "குடை பிடிச்சிட்டு இருக்க டைம் இருந்தா, போறதுக்கு டைம் இல்லையா? நோட்டீஸ் குடுத்த பிறகும் இருந்தா, அது அவங்கட பிழை, அய்யே."

குடை ஊதா நிறம். கிளிநொச்சியில் வாங்கியது. படத்தில் நிறம் தெரிந்திருக்காது.

அந்தத் துண்டுப் பிரசுரத்தை நானும் வாசித்தவன்தான். நல்ல தமிழ். மறுநாள் மதியத்துக்குள் கிழக்குப் பக்கம் போய்விடும்படி எழுதியிருந்தது. என் மகள் தனுஷியாவுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு கிழமைக்கு முன் ஷெல் துண்டு பட்டு, காலில் மட்டை வைத்துக் கட்டியிருந்தது, நடக்க முடியாது. பாடசாலைக் கிணற்றடியில் அவளைப் படுக்க வைத்து, என் மனைவி அன்னபாக்கியத்தைத் துணைக்கு இருத்திவிட்டு, தள்ளுவண்டி ஒன்று தேடிப் போனேன். "வெயில் ஏற முந்தி வந்திடுங்கோ" என்றாள். வண்டி கிடைத்தது. திரும்பி வந்தபோது அது தேவைப்படவில்லை.

பதினொரு பொடியன்மாரையும் நான் மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தவர்கள் அந்த மதிலுக்குப் பின்னால் நின்று அடித்ததை என் கண்ணாலேயே கண்டேன். சனம் இருக்கிற இடம், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "விலத்துங்கோ ஐயா" என்றான் ஒருவன். அவனும் அந்தக் கிழமையே செத்திருப்பான். நான் பழி தீர்ப்பதற்கு மிஞ்சியிருந்தவர் மேஜர் ஒருவர்தான். சிங்களச் சனத்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, இராணுவத்தில் மற்றவர்களோடும் இல்லை. அந்தத் தேநீர் நேரத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளை நான் பதினாறு வருடமாகத் தேடியிருக்கிறேன் என்பது அவரைக் கண்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவரை நான் வெறுத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த வெறுப்பு எனக்கு இதமாக இருந்தது. மறுநாள் காலை காலி வீதிச் சைவக்கடையில் இரண்டு தோசை சாப்பிட்டு, இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்னபாக்கியம் போன பிறகு நான் சாப்பாடு கேட்டு வாங்கியது அதுதான் முதல் தரம்.

எப்படிச் செய்வது என்று மூன்று மாதம் யோசித்தேன். கோபத்தில் கண்டபடி அடிப்பதற்கு நான் ஆள் இல்லை. வேறு ஒருவருக்கும் கீறல் விழக்கூடாது. இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். சாப்பாட்டில் கலக்கலாம், ஆனால் ஆறாயியும் அதையே சாப்பிடுவாள். எரிவாயு என்றால் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து. ஒரு இராணுவம் தன் வரைபடத்தின் முன்னால் எவ்வளவு யோசித்திருக்குமோ தெரியாது, நான் அதைவிடக் கூடவே யோசித்தேன் என்று துணிந்து சொல்வேன்.

கடைசியில் லிப்ட் என்று முடிவெடுத்தேன். ஆறாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றின் சொந்தக்காரர்கள் கனடாவில், வீடு பூட்டிக் கிடக்கிறது. மற்றது மேஜருடையது. கையால் இழுத்துத் திறக்கும் ஆறாம் மாடிக் கதவு, லிப்ட் பெட்டி அங்கே இல்லாத போதும் திறக்கும்படி செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதைப் பொலிஸ் பரிசோதகருக்குக் காட்டிவிட்டேன்; இங்கே எழுதவில்லை, பிறர் பழக வேண்டிய கைத்தொழில் அல்ல. மற்றைய மாடிகளின் கதவுகள் எதைச் செய்தாலும் திறக்காது. லிப்டுக்கு முன்னால் இருந்த மின்குமிழைக் கழற்றினேன். மேஜர் மாலை நாலேகாலுக்கு நடைக்குப் புறப்படுவார், நிமிடம் பிசகாது. கைத்தொலைபேசியில் செய்தி பார்த்தபடியே லிப்டுக்குள் கால் வைப்பது அவருடைய வழக்கம். நூறு தரம் கண்டிருக்கிறேன்.

அறிவித்தலும் ஒட்டினேன். 'புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை லிப்ட் திருத்த வேலை. எவரும் பாவிக்க வேண்டாம். அபாயம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. செயலாளர்.' ஆறு மாடிகளிலும், கீழேயும், மூன்று மொழிகளில். ஞாயிறன்று ஒட்டினேன். செவ்வாய் மாலை கட்டடத்தின் வாட்சப் குழுவில் போட்டேன். புதன் காலை மறுபடி போட்டேன். மொத்தம் மூன்று தரம். வேண்டுமென்றே மூன்று. கட்டடத்தில் இருக்கும் மற்ற இருபத்திரண்டு குடும்பங்களும் அதை மதித்து நடக்கும், ஒரேயொரு ஆள் மதிக்கமாட்டார். அவரை நான் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, அவரே தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். அறிவித்தல் கொடுத்த பிறகும் போனால் அது அவருடைய பிழை. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்ற நினைப்பில், ஒட்டும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. "செக்ரட்டரி ஐயா இண்டைக்கு நல்ல சந்தோஷத்துல" என்று ஸவாஹிர்கூடச் சொன்னார்.

ஆறாயியைப் பற்றி நான் யோசிக்காமல் இருக்கவில்லை. அவள் படியால் போகிறவள். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

ஆனால் முழுதும் சொல்வதென்று தொடங்கியாயிற்று. அதற்குப் பத்து நாளுக்கு முன், ஆறாயி லிப்டில் வந்து இறங்கினாள் என்று மூன்றாம் மாடிப் பெண்மணி ஒருவர் என்னிடம் முறையிட்டிருந்தார். மேஜரிடம் கேட்டேன். "நான்தான் போகச் சொன்னது, அய்யே. அவவுக்கு முழங்கால் வருத்தம். உங்கட ரூல என்னோட பேசுங்க" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான். முறைப்பாட்டுப் புத்தகத்தில் திகதியோடு பதிந்துவிட்டு வந்தேன். புதன்கிழமை அது எனக்கு நினைவில் இருக்கவில்லை என்று பொலிஸில் சொன்னேன். நினைவில் இருந்தது. நாலேகால் என்பது அவள் சாமான் வாங்கப் போகும் நேரம் அல்ல, மேஜர் நடைக்குப் போகும் நேரம், ஆகவே பிரச்சினை வராது என்று எண்ணிக்கொண்டேன். யுத்தத்தில் இதைவிடக் கூடுதலான உத்தரவாதம் எவருக்குக் கிடைக்கும்?

நாலு மணிக்கு நான் ஆறாம் மாடிப் படித் திருப்பத்தில் போய் நின்றேன். அங்கிருந்து லிப்ட் கதவு ஒன்பது அடி. நிற்காமலே இருந்திருக்கலாம். மேஜர் படத்தில் பார்த்தவர். நான் நேரில் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அன்னபாக்கியத்திடம் உள்ளுக்குள் சொன்னேன், இன்னும் பத்து நிமிடம்தான் என்று.

வீட்டுக் கதவு திறந்தது. முதலில் வந்தவள் ஆறாயி. கையில் மடிக்கும் கதிரை ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும். அந்தக் கிழமை மேஜருக்குக் கால் வீக்கம், கடற்கரையில் நடுவில் இருந்து இளைப்பாறக் கதிரை வேண்டியிருந்தது என்று பிறகு அறிந்தேன். அவர் வாசலில் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார். அவருக்காக லிப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதற்காக அவள் முன்னால் வந்தாள். என்னைக் கண்டு சிரித்தாள். இரண்டு வார்த்தை கதைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன். பிறகு கதவைத் திறந்து, என்னைப் பார்த்தபடியே காலை வைத்தாள்.

போத்தல் மட்டும் வெளியில் உருண்டு வந்தது.

மேஜர் ஓடி வந்தார். வீங்கிய காலோடு நூற்றெட்டுப் படியையும் என்னை முந்திக்கொண்டு இறங்கினார். கீழே கதவை உடைத்துத் திறந்தபோது, காவலாளி வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் உள்ளே இறங்கி அவளைத் தூக்கினவர் அவர்தான். சட்டை எல்லாம் இரத்தம். சிங்களத்தில் ஏதோ சொல்லி அழுதார். அவர் அழுவதை நான் நன்றாகப் பார்த்தேன். எதிர்பார்த்த நிறைவு கிடைக்கவில்லை, ஆனால் கொஞ்சம் கிடைத்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பொலிஸ் வந்தது. கதவு ஏற்கெனவே பழுது, திருத்துகிறவர் வரவில்லை, அதனால்தான் அறிவித்தல் ஒட்டினேன் என்றேன். தாளைக் காட்டினேன். வாட்சப்பையும் காட்டினேன். ஸவாஹிர் என் பக்கத்தில் நின்று, "சேர், இந்த மனுசன் மாதிரி நோட்டீஸ் போடுற ஆள் கொழும்புலயே இல்ல" என்று சத்தியம் பண்ணினார். மேஜரும் வாக்குமூலம் கொடுத்தார். செயலாளர் முறையாக, மூன்று மொழியிலும் அறிவித்திருந்தார், அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். விபத்து என்று முடிந்தது.

ஆறாயியின் மகள் மஸ்கெலியாவிலிருந்து வந்து உடலைக் கொண்டுபோனாள். போக முன் என் வீட்டுக்கு வந்தாள். "அம்மா ஒங்களப் பத்தியேதாங்க பேசும். சூரியன் மாத்திர, சந்திரன் மாத்திரன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்" என்றாள். காணிக் கடிதங்கள் என்னிடம் இருந்தன. அவற்றை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டேன்.

நான் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். இப்போதும் என்னைக் கேட்பவர் எவருமில்லை. மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்று செல்வி நதீஷா மொழிபெயர்த்துவிடக் கூடாது, நான் அதற்காக வரவில்லை.

ஆறாயி செத்த பத்தொன்பதாம் நாள் மாலை கீழ்த்தளத்தில் தனியாக இருந்தேன். மேஜர் வந்து பக்கத்தில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். நடைக்குப் போவதையும் விட்டுவிட்டார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "அய்யே, நீங்க கவலப்படுறது எனக்குத் தெரியும். சாப்பிடுறதும் இல்லயாமே. உங்கட பிழை இல்ல. நோட்டீஸ் போட்டது தானே. மூணு தரம் போட்டது. அதுக்குப் பிறகும் போனா, அது அவவுட பிழைதான். நீங்க என்ன செய்ய?"

என் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் கை சூடாக இருந்தது. நான் ஓம் என்று தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். தலையாட்டினால் நான் தப்பிவிடுவேன். ஆனால் என்னைத் தப்ப வைக்கும் அந்த வாசகம் முதலில் அவரைத் தப்ப வைத்த வாசகம். ஆறாயி சாவதற்கு அவளே பொறுப்பு என்றால், கிணற்றடியில் குடை பிடித்துக்கொண்டிருந்தவளும் அவளுடைய பிள்ளையும் சாவதற்கு அவர்களே பொறுப்பு. ஒரே தலையாட்டலில் இரண்டும் முடிந்துவிடும். பதினாறு வருடமாகக் காத்து வைத்திருந்ததை அந்த மனிதர் ஆறுதல் சொல்லி வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டு எழுந்து, அப்படியே பொலிஸுக்கு நடந்தேன்.

ஆகவே கனம் நீதவான் அவர்களே, என்னைக் கருணையோடு பார்க்க வேண்டாம். என்னைக் குற்றவாளி என்று தீர்க்க வேண்டுமென்றால், அறிவித்தல் ஒட்டியதால் கொலை கொலையல்லாமல் போகாது என்று இந்த நாட்டு நீதிமன்றம் ஒன்று எழுதியாக வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. அதை வாசிக்கும்போது மேஜர் ஹீன்கெந்தவைச் சாட்சியாக அழைத்து முன்வரிசையில் இருத்த வேண்டும். அது அவருடைய முகத்துக்கு நேரே வாசிக்கப்பட வேண்டும், சிங்களத்தில். அவரைக் கொல்ல முடியாமல் போனதற்கு இப்போது நான் வருந்தவில்லை. செத்திருந்தால் அவர் இதைக் கேட்டிருக்கமாட்டார். அப்படிப் பார்த்தால் ஆறாயியின் சாவும் வீண்போகவில்லை. அவள் மகளுக்கு இதை அறிவிக்க வேண்டுமா என்று பரிசோதகர் கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தப் பிள்ளையை அலைய வைக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இனி, அந்த இரண்டு வார்த்தை. அந்தப் பெண் உங்களோடு என்ன கதைத்தார் என்று பரிசோதகர் இரண்டு தரம் கேட்டார். வணக்கம் சொன்னாள் என்றேன். அது சரியல்ல.

ஆறாயி கதிரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, லிப்ட் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். மூன்று கட்டமாக எழுத்து இருந்தால் அது என்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஒரு விரலால் அதைத் தொட்டு, "இதுல என்னங்கையா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

மேஜர் இன்னும் நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் வாசித்தால் அவருக்கும் கேட்கும். மெதுவாக வாசித்தாலும் அவள் திரும்பி அவரிடம் சொல்லிவிடுவாள். கொஞ்சம் யோசித்தேன், ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எத்தனையோ கடிதம் வாசித்துச் சொல்லியிருக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றியதில்லை.

"ஒண்டுமில்லை, ஆறாயி" என்றேன். "நீர் போம்."